கரடு வேறு, கரகரப்பு வேறு: வேலூரில் கராஜ் ராக் தட்டுகளை ஓட்ட

கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' 1963இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பதிவானது. கிட்டார் சோலோ முடியும் இடத்தைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பாடகர் ஜாக் ஈலி முந்திக்கொண்டு அடுத்த அடியைத் தொடங்கிவிடுவார். தப்பு என்று தெரிந்ததும் அப்படியே நிறுத்துவார். அந்த வெற்றிடத்தை டிரம்மர் ஓர் உருட்டு உருட்டி அடைப்பார். பிறகு பாட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். அதைத் திருத்தாமல் அப்படியே வெளியிட்டார்கள். வார்த்தைகள் புரியாததால் ஆபாசப் பாட்டு என்று புகார் கிளம்பி, எஃப்.பி.ஐ. விசாரித்து, என்ன பாடுகிறார் என்றே விளங்கவில்லை என்று கோப்பை மூடியது.

60களில் அமெரிக்கப் பையன்கள் வீட்டுக் கார் கொட்டகையில் பழகி வாசித்த முரட்டு ராக் இசைதான் கராஜ் ராக். அதன் கரடு இதுதான். அது இசைத்தட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப்பக்கம் இந்தத் தட்டுகளை ஓட்டும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் தட்டில் இருந்தது இல்லை. உப்புத் தண்ணீர், கத்திரி வெயில், தப்பான ஊசி, ஊசி தட்டை அழுத்தும் தப்பான எடை என்று நாம் கொண்டுவந்து சேர்ப்பது. "இந்த இசையே இப்படித்தான்" என்று அதைச் சகித்துக்கொள்வது அந்தப் பையன்களுக்குச் செய்யும் அநியாயம்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஃபஸ் பெடல் என்பது கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் கருவி. அதன் கரடு கிட்டாரோடு மட்டும் வரும், கிட்டாரோடு போகும். தட்டின் வெளி ஓரத்திலும் லேபிள் பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஊசியோ, அது ஓடும் தட்டின் பள்ளமோ தேய்ந்த கரகரப்பு பாடகரின் 'ஸ', 'ச' ஒலிகளிலும் சிம்பலிலும் முதலில் தெரியும். லேபிளை நெருங்க நெருங்கக் கூடும். கவுண்ட் ஃபைவ் குழுவின் 'சைக்காட்டிக் ரியாக்ஷன்' (1966) இதற்கு நல்ல சோதனை. ஃபஸ் கிட்டார் சீறும்போது குரலும் சேர்ந்து சிதறினால் கோளாறு உங்கள் பிளேயரிலோ தட்டிலோ இருக்கிறது.

அடுத்தது ஊசி. 60களின் நடுப்பகுதி வரை வந்த கராஜ் 45கள், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டுகள், ஏறக்குறைய எல்லாமே மோனோ, ஒரே சேனல் ஒலி. மோனோ பள்ளத்தில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி) மேல்கீழ் அசைவையும் சேர்த்துப் படிக்கும். அந்த மேல்கீழில் இருப்பது தூசியும் தேய்மானமும்தான். ஆம்ப்ளிஃபயரில் மோனோ சுவிட்ச் இருந்தால் அழுத்திவிடுங்கள். இரண்டு சேனலும் சேரும்போது அந்த மேல்கீழ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சுவிட்ச் இல்லையென்றால் பிளேயரிலிருந்து வரும் இரண்டு வயரை ஒய் கேபிளால் ஒன்றாக்கி, மறுபடி இரண்டாகப் பிரித்து ஆம்ப்ளிஃபயரில் பிளேயருக்கென்று இருக்கும் ஃபோனோ உள்ளீட்டில் கொடுக்கலாம். அப்படிச் செய்யும்போது 47 கிலோ ஓம் உள்ளீடு இரண்டு இணையாகி 23.5 ஆகிவிடும், உச்ச ஒலி கொஞ்சம் மங்கும். இந்த இசைக்கு அது பெரிய இழப்பில்லை.

ஊசி முனை கூம்பு வடிவமாக இருக்கட்டும். விலை அதிகமான நீள்வட்ட முனை பள்ளத்தின் ஆழத்தில் இறங்கி, பழைய கனத்த ஊசிகள் உழுத காயத்தையெல்லாம் படிக்கும். ஆடியோ டெக்னிகா வி.எம்.95சி கார்ட்ரிட்ஜில் முனையின் ஆரம் 0.6 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஊசி அழுத்தும் எடை 1.8 முதல் 2.2 கிராம், சரியாக 2 வைத்தால் போதும். பழைய மோனோ பள்ளங்களுக்கென்று 1 மில் முனைகளும் கிடைக்கின்றன. 0.7 மில் ஊசி ஓடித் தேய்த்த தட்டில் 1 மில் முனை சற்று மேலே, தேயாத சுவரில் உட்காரும். செத்துப்போனது என்று ஒதுக்கிய தட்டு அதில் உயிர் பெறுவதும் உண்டு.

எடையைப் பிளேயர் கையில் இருக்கும் டயலை நம்பி வைக்காதீர்கள். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். இரும்புத் தட்டு வைத்த தராசு என்றால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இரும்பை இழுப்பதால் எடை தப்பாகக் காட்டலாம். நடுவில் பிளாஸ்டிக் துண்டு வைத்து, இசைத்தட்டு இருக்கும் அதே உயரத்தில் அளக்க வேண்டும். எடை குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். சத்தத்தைக் கூட்டிப் பள்ளம் வெட்டிய 45இல் லேசான ஊசி பள்ளத்தில் நிற்காமல் சுவரோடு சுவர் மோதும். அதுதான் தட்டை அதிகம் கெடுக்கும்.

அமெரிக்க 45 வாங்கும்போது வினைலா, ஸ்டைரீனா என்று பாருங்கள். அங்கே சில ஆலைகள் பாலிஸ்டைரீனில் தட்டு வார்த்தன. ஸ்டைரீன் தட்டு வளையாது, விறைப்பாக இருக்கும், ஓரம் மழுங்கலாக இருக்கும், லேபிள் காகிதம் மேலே ஒட்டியது போலத் தெரியும். முதல் சில ஓட்டங்களில் அருமையாக ஒலிக்கும். தேய்ந்த ஊசி பட்டால் 'உஸ்' என்ற இரைச்சல் நிரந்தரமாக ஏறிவிடும். அதைப் பின்னோக்கிச் சுழற்றவே கூடாது. ஆகவே வி.ஜி. (வெரி குட்) என்று தரம் போட்ட தட்டு வினைல் என்றால் தயங்காமல் வாங்கலாம், சத்தமான இசை சின்னச் சின்னப் பொரிப்பை மூடிவிடும். ஸ்டைரீன் என்றால் அதற்கு அடுத்த மேல் தரமான வி.ஜி. பிளஸுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

இனி தண்ணீர். வேலூர் போர்த் தண்ணீரில் தட்டைக் கழுவினால் காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதே உப்பு. பள்ளத்தில் படிந்தால் ஊசி அதன்மேல்தான் ஓடும். கேன் தண்ணீரிலும் உப்பு கொஞ்சம் இருக்கும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும், எந்த பேட்டரி கடையிலும் கிடைக்கும். 800 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரச் சோப்புத் திரவம் 2 சொட்டு. ஆல்கஹால் எதற்கு என்றால், வெறும் தண்ணீர் பள்ளத்தின் மேலேயே உருண்டு நிற்கும். ஆல்கஹால் சேர்ந்தால் எளிதாக உள்ளே இறங்கும். சி.எம்.சி. எதிரே இத்தனை மருந்துக் கடைகள் இருக்கிற ஊரில் அது கிடைப்பது கஷ்டமில்லை. ஆனால் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "ஸ்பிரிட்" என்று மட்டும் கேட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைக் கொடுத்துவிடுவார்கள். அதில் வேறு சரக்குகள் கலந்திருக்கலாம், எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும். ஸ்டைரீனுக்கு ஆல்கஹாலே கூடாது, டிஸ்டில்டு வாட்டரும் சோப்புச் சொட்டும்தான்.

கழுவும்போது மென்மையான பிரஷைப் பள்ளத்தின் வட்டப் போக்கிலேயே ஓட்ட வேண்டும். பிறகு சோப்புப் படியாமல் இருக்க வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலச வேண்டும். இந்த அலசலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கழுவிய தட்டு முன்பைவிட மோசமாக ஒலிப்பதற்குக் காரணம் அதுதான். லேபிள் நனையாமல் பார்த்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு நேரே அல்லாமல் நிழலில் காயவிடுங்கள். நேரே வைத்தால் விசிறி தூசியைக் கொண்டுவந்து ஈரத்தில் ஒட்டிவிடும்.

வெயிலைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டுக்கு ஆபத்து வெளியே அடிக்கும் 41, 42 டிகிரியைவிட, மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே இருக்கும் பரணும், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியும், நிறுத்திவைத்த காரும்தான். தட்டுகளைச் செங்குத்தாக, சாய்வு விழாத அளவுக்கு நெருக்கமாக நிறுத்துங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள். மே மாதத்தில் கூரியர் வந்தால் பார்சலை உடனே பிரிக்காமல் சில மணி நேரம் சமமான தரையில் படுக்கவைத்து ஆறவிடுங்கள். மெல்லிய பி.வி.சி. உறை சூட்டில் தட்டோடு ஒட்டி மங்கலான படலம் விடும்; காகித உறையோ எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் உறையோ போடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் காகித உறை பூஞ்சை பிடிக்கும், அப்போது உறையை மட்டும் மாற்றினால் போதும்.

வெளிநாட்டிலிருந்து பழைய பிளேயர் கொண்டுவருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஏ.சி. மோட்டார் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 45 வேகம் 37.5 ஆகிவிடும், பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவார். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி மாற்ற வேண்டும், அல்லது டி.சி. மோட்டார் பிளேயரை வாங்க வேண்டும்.

அமெரிக்க 45இன் நடு ஓட்டை ஒன்றரை அங்குலம், அதற்கு அடாப்டர் வேண்டும். லேத் பட்டறையில் நைலான் ராடில் வெளிவிட்டம் 38 மில்லிமீட்டர் வைத்துக் கடைந்து தருவார்கள். நடு ஓட்டையையும் அதே பிடியில், ராடைக் கழற்றாமல் போடச் சொல்லுங்கள். கழற்றி மாட்டினால் மையம் விலகி, சுருதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கும்.

எதை வாங்குவது என்று கேட்டால் முதலில் சானிக்ஸ் குழு. அமெரிக்காவின் டகோமா ஊர்ப் பையன்கள். 'ஹியர் ஆர் த சானிக்ஸ்' 1965இல் வந்தது. 1966இல் வந்த 'பூம்' ஆல்பத்துக்கு, ஒலி இன்னும் முரட்டுத்தனமாக வர ஸ்டுடியோச் சுவரில் இருந்த ஒலித்தடுப்பைப் பிய்த்தெடுத்தார்கள். 2015இல் 'திஸ் இஸ் த சானிக்ஸ்' என்று மோனோவிலேயே பதிவு செய்து வெளியிட்டார்கள். பாடகர் ஜெர்ரி ராஸ்லியின் அலறல் அதிலும் குறையவில்லை. மறுபதிப்பு வாங்கும்போது 'ரீசேனல்டு ஸ்டீரியோ' என்று போட்டிருந்தால் வேண்டாம். மோனோவைச் செயற்கையாக இரண்டாகப் பிளந்தது அது, மோனோ சுவிட்ச் போட்டால் பொந்துக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். ஒரே வாங்கலில் பல குழுக்கள் வேண்டுமென்றால் லென்னி கே 1972இல் எலக்ட்ரா நிறுவனத்துக்காகத் தொகுத்த 'நக்கெட்ஸ்' தொகுப்பு: இரண்டு தட்டு, 27 பாட்டு. அதன் நேர்த்தி போதும், முரடு வேண்டும் என்கிறவர்களுக்கு 1983இல் தொடங்கிய 'பேக் ஃப்ரம் த கிரேவ்' தொகுப்பு வரிசை.

நம் நாட்டுப் பக்கம் 'சிம்லா பீட்' 70, 71 இரண்டு தொகுப்பும் இருக்கின்றன. சிம்லா சிகரெட் பெயரில் நடந்த பீட் குழு (அக்கால ராக் இசைக்குழு) போட்டியில் வந்தவர்கள் பதிவு செய்தது. எழுபதாம் ஆண்டுத் தட்டில் கன்ஃப்யூஷன்ஸ் குழுவின் 'வாய்ஸ் ஃப்ரம் த இன்னர் சோல்' எனக்கு மிகவும் பிடித்த ஃபஸ் பாட்டுகளில் ஒன்று. மறுபதிப்பிலேயே கேட்கலாம். கூம்பு ஊசி, 2 கிராம், மோனோ சுவிட்ச் போட்டு, முதலில் இதை ஓட்டிப் பாருங்கள்.