பெரியப்பாவின் கறுப்புக் கார்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பெரியப்பா வீட்டுக் கொட்டிலில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. 1955ஆம் ஆண்டுக் கார். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். இப்போது வெள்ளை நிறம். அதற்கு முன் இளநீலம், அதற்கும் முன் மண்ணிறம். வந்தபோது என்ன நிறம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

“கறுப்பு” என்பார் பெரியப்பா. “ஐயா கொழும்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த இரவு லாந்தரோடு ஓடிப்போய்ப் பார்த்தவன் நான்.” அப்போது அவருக்கு ஐந்து வயது. “பச்சை” என்பார் மாமி, பெரியப்பாவின் அக்கா. அப்போது அவருக்கு எட்டு வயது. ஆறே மாதத்தில் ஐயா காரை மதிலில் உரசிவிட்டு முழுவதற்கும் வேறு நிறம் அடித்துவிட்டதால் சாட்சி யாரும் இல்லை. படம் இருக்கிறது, கறுப்பு வெள்ளையில்.

போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் காரை விலைக்குக் கேட்டார். பழைய கார்களைச் சேர்ப்பவர். முதலில் செசி நம்பர்த் தகட்டை, அதாவது ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள எண் பொறித்த தகட்டை, படமெடுத்து அனுப்பச் சொன்னார். பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் தேடினேன். கறுப்புப் பெட்டி ஒன்றில் எழுத்தும் எண்ணும் தெளிவாக இருந்தன. அனுப்பினேன்.

“தம்பி, ஆர்.பி. 106 என்பது லூக்காஸ் கம்பனியின் ரெகுலேற்றர். பற்றரிக்கு மின்சாரம் ஏற்றுவதைக் கட்டுப்படுத்துவது. அதே நம்பர் ஆயிரக்கணக்கான கார்களில் இருக்கும்” என்று பதில் வந்தது. நான் அதற்குள் அந்த நம்பரை என் நாட்குறிப்பில் பக்தியோடு எழுதி வைத்திருந்தேன்.

உண்மையான தகடு பக்கத்திலேயே இருந்தது, பெயின்றுக்குள் புதைந்து. தொண்ணூறுகளில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்துப் புகைக்கரி வேறு மேலே. கத்தியால் சுரண்டினால் எழுத்தும் போய்விடும் என்று மாமி தேங்காய்த் தும்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார். அரை மணி நேரம் தேய்த்த பிறகு முதலில் ஓர் ‘எஃப்’ தெரிந்தது. பிறகு ஒரு ‘பி’. மூன்றாவது எழுத்தில் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. ‘ஈ’. அடுத்து 2, 1, ஒரு சாய்கோடு, பிறகு நீளமாக எண்.

தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். அவர் பஞ்சாங்கம் பார்ப்பவரைப்போலச் சொல்லிக்கொண்டே போனார்: எஃப் என்றால் மைனர். அடுத்தது பொடியின், அதாவது கார்க் கூட்டின் வகை. முதல் எண் 2 என்றால் வலப்பக்க ஸ்டியரிங்கோடு ஏற்றுமதிக்குச் செய்தது. உள்நாட்டுக்கு என்றால் 1 இருந்திருக்கும். கடைசி எண் பெயின்றின் வகை. 1952இலிருந்து சில ஆண்டுகள் இந்த முறைதான்.

“மூன்றாவது எழுத்து?” என்று மாமி என் தோளுக்கு மேலால் கேட்டார்.

“அது நிறம். ஏ என்றால் கறுப்பு. ஈ என்றால் பச்சை.”

மாமி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார், சீனி கொஞ்சம் கூடுதலாக.

பெரியப்பா விடவில்லை. “இந்தக் காருக்கு எத்தனை கராஜில் எத்தனை கார்களின் உறுப்புகள் போட்டிருப்பார்கள்? தகடும் வேறு காருடையதாக இருக்கும்” என்றார். நியாயமான வாதம்தான். யாழ்ப்பாணத்துப் பழைய கார் எதுவும் தனியொரு கார் அல்ல.

அப்போதுதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். தொழிற்சாலையில் காருக்குப் பெயின்ற் அடித்த பிறகுதானே தகட்டைப் பூட்டியிருப்பார்கள்? திருகாணி இரண்டையும் கழற்றினேன். ஒன்று கைதவறி எஞ்சினுக்குள் விழுந்து இன்றுவரை கிடைக்கவில்லை. தகடு இப்போது பாதி செப்புக் கம்பியில் தொங்குகிறது. செசித் தகட்டில் கைவைத்தவனிடம் கார் வாங்க முடியாது என்று கொழும்புக்காரர் பின்வாங்கிவிட்டார்.

தகடு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு நீள்சதுரம். வெயிலும் மழையும் தூரிகையும் படாத கரும்பச்சை, ஈரப் பாசி மாதிரி.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“லாந்தர் வெளிச்சத்தில் இது கறுப்புத்தான்” என்றார்.

“விடிந்த பிறகு ஆறு மாதம் நீ எங்கே இருந்தாய்?” என்றார் மாமி.