கண்ணடித்த மஞ்சள் விளக்கு

போன வாரம், மழை விட்ட சாயங்காலம். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது வண்டி குலுங்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்கிறது. "என்னங்க, இது ஏன் கண்ணடிக்குது?" என்றாள் வீட்டுக்காரி.

அது நிலையாக எரிந்தால் பதறாமல் வீடு வந்து சேரலாம். கண்ணடித்தால் மட்டும் ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பற்றிக்கொண்டு அதை உருக்கிவிடும். உள்ளே பூசியிருப்பது பல்லேடியம், ரோடியம் வகையறா. விலையைக் கேட்டால் நமக்கே குலுங்கும். உருட்டிக்கொண்டே நங்கநல்லூர் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் ஒர்க்‌ஷாப். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் மெக்கானிக் தம்பி ஸ்கேனரைச் செருகினார். வந்த கோளாறு எண் பி 0302. இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு சார். பிளக், காயில், இன்ஜெக்டர், மூணையும் மாத்திடலாம்." காயில் என்பது பிளக்குக்குப் பொறி பறக்க மின்சாரம் தருவது, இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சுவது. பில் 14,000 ரூபாய் ஆகுமாம்.

கம்ப்யூட்டர் எங்கே அப்படிச் சொன்னது? சிலிண்டருக்குள் அதற்குக் கண்ணா இருக்கிறது? கிராங்க் ஷாஃப்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. எதிரே ஒரு சென்சார், பல் கடக்கும் நேரத்தை அளந்தபடியே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது சக்கரம் இம்மியளவு வேகம் பிடிக்க வேண்டும். இரண்டாவதன் முறை வரும்போது அந்தத் தள்ளல் வரவில்லை. என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காரணம் பிளக்கா, காயிலா, கம்ப்ரஷன் குறைவா என்பது அதன் கணக்கிலேயே கிடையாது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 31 வருஷம் குப்பை கொட்டியவன். ஒரு லைன் செத்தால், சந்தேகப்பட்ட கார்டைப் பக்கத்து ஸ்லாட்டில் மாற்றிப் போடுவோம். ஃபால்ட் கூடவே போனால் கார்டில் கோளாறு. இருந்த இடத்திலேயே நின்றால் வேறு எங்கேயோ.

தம்பியிடம் வாக்குவாதம் செய்யவில்லை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டாம் காயிலையும் மூன்றாம் காயிலையும் இடம் மாற்றினேன். வேலை 10 நிமிஷம். விழுந்த போல்ட்டைத் தேடியது 20 நிமிஷம். மருமகன் வாங்கித் தந்த புளூடூத் ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்தேன். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் போய்விடும், அதாவது கோளாறு பதிவான நொடியின் ஆர்பிஎம், லோடு, என்ஜின் சூடு. அதனால் அழிக்கும் முன்பே அதைப் படம் எடுத்துக்கொண்டேன். லோடு 83 சதவீதம். மேம்பால ஏற்றமேதான்.

தெருவை நாலு சுற்று சுற்றியதும் இன்னும் உறுதியாகாத கோளாறுகளின் பெண்டிங் பட்டியலில் வந்து நின்றது பி 0303, அதாவது மூன்றாம் சிலிண்டர். ஃபால்ட் காயிலோடு கூடவே போயிருக்கிறது.

புதுப்பேட்டையில் காயில் 1,650 ரூபாய்க்குக் கிடைத்தது. பழைய காயிலின் ரப்பர் உறையில் மயிரிழை விரிசல், ஓரத்தில் வெள்ளையாக ஸ்பார்க் ஓடிய தடம். மழை ஈரம் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.