வெள்ளிக்கிழமை கதைப்பார்

8.9.2025, திங்கள்

இணுவில் பிள்ளை இன்றைக்கும் வாசிகசாலைக்குச் செஸ் பழக வரவில்லை.

10.9.2025, புதன்

வந்தாள். ரியூசன் நேரத்தை மாற்றிவிட்டார்களாம். உயர்தரம் படிக்கிற பெடியன் ஒருவனோடு விளையாட இருத்தினேன். அரை மணித்தியாலத்துக்குள் அவனுடைய கோட்டை ஒன்றைச் சும்மா வெட்டிவிட்டாள். மணிக்கூட்டிலும் அவளுக்குத்தான் நேரம் கூட. பிறகு தலையை நிமிர்த்தி, "சமனாக்குவமோ அண்ணா?" என்று கேட்டாள். அவன் உடனே கையை நீட்டிவிட்டான்.

"ஏன் பிள்ளை?"

"அந்த அண்ணாவின்ர முகம் வாடிப் போச்சு ரீச்சர்."

படுத்த பிறகும் இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. ஒரு கோட்டை கூட இருக்கும்போது, எதிரில் இருப்பவளின் முகத்தைப் பார்த்துச் சமன் கேட்ட பெடியன் எவனையும் நான் கண்டதில்லை. மூளை அவளுக்கு வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அடுத்தவர் மனம் நோகாமல் நடக்கவேண்டும் என்று பிறந்த நாள் முதல் சொல்லித்தானே பெண்பிள்ளையை வளர்க்கிறோம். வீட்டுக்குள் பழகினதைப் பலகைக்கு முன்னால் வந்து இருந்தவுடனே எப்படி விடுவாள்?

11.9.2025, வியாழன்

கொழும்புப் போட்டிக்குப் பெயர் கொடுக்க 20ஆம் திகதி கடைசி.

13.9.2025, சனி

அவளின் வீட்டுக்குப் போனேன். தாய் தேத்தண்ணி தந்தார். "இரவு பஸ்ஸில பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி ரீச்சர் விடுறது? அவர் கட்டாரில. வெள்ளிக்கிழமைதான் லீவு, அப்பதான் ஆறுதலாக் கதைப்பார்." அம்மம்மா திண்ணையில் இருந்தபடியே, "சாதாரண தரச் சோதினை வருது, இப்ப என்ன விளையாட்டு" என்றார். தாய் மெதுவாக, "வேற பிள்ளையளும் வருவினமோ?" என்று கேட்டார். இவள் ஒருத்தி மட்டும்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

திரும்பும்போது ஆறரை. அந்த ஒழுங்கையில் ஒரு விளக்கும் எரியவில்லை. வாசிகசாலையில் ஒவ்வொரு ஆட்டமும் இருட்டுப்படுகிற நேரத்தில்தான் சூடுபிடிக்கும். அப்போதுதான் பெண்பிள்ளைகள் சைக்கிளை எடுக்கிறார்கள். பெடியன்கள் ஏழரை வரை இருந்து விளையாடுகிறார்கள். பதினாலு வயதுக்குப் பிறகு ஏன் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறவர்கள் ஒருநாள் அந்த ஒழுங்கையால் நடந்து பார்க்கட்டும்.

14.9.2025, ஞாயிறு

பிள்ளைகளுக்கு வேரா மென்சிக்கின் கதை சொன்னேன். 1927இல் பெண்களின் முதல் உலக சாம்பியன். 1929இல் கார்ல்ஸ்பாட் போட்டிக்கு அவரையும் சேர்த்தபோது, அல்பேர்ட் பெக்கர் என்பவர் நக்கலாக, இவரிடம் தோற்கிறவர்களை வைத்து 'வேரா மென்சிக் கழகம்' தொடங்குவோம் என்றார். கழகத்தின் முதல் உறுப்பினர் அந்தப் பெக்கரேதான். பின்னாளில் உலக சாம்பியனான மக்ஸ் ஏவேயும் அவரிடம் தோற்றிருக்கிறார். 1944இல் லண்டனில் குண்டு விழுந்து வீட்டோடு செத்துப்போனார். குண்டு என்றதும் எல்லோரும் பேசாமல் இருந்தார்கள்.

இணுவில் பிள்ளை மட்டும் கேட்டாள்: "அவையின்ர முகத்தைப் பாக்க அவவுக்குப் பாவமா இருக்கேல்லையோ?"

16.9.2025, செவ்வாய்

வைஷாலி வென்றுவிட்டார்! உஸ்பெகிஸ்தான் சமர்கண்டில், பெண்கள் கிராண்ட் சுவிஸ் செஸ் போட்டி, 11 சுற்றில் 8 புள்ளி. 2023இலும் அவர்தான். கடலுக்கு அந்தப்பக்கம், சென்னைப் பிள்ளை, எங்கள் தமிழ் கதைக்கிற பிள்ளை. வாசிகசாலையில் பிரக்ஞானந்தாவைத் தெரியாத பெடியன் இல்லை. அக்கா வைஷாலி பழகினதைப் பார்த்துத்தான் தம்பி பழகினார் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. இனி அக்காவின் பெயரைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

அவர்களின் தாய் நாகலட்சுமி பிள்ளைகளோடு நாடு நாடாகப் போனவர். மத்தியானம் சமைக்கும்போது அதை நினைத்தேன். உலையை இறக்கி வைத்துவிட்டு இணுவிலுக்கு ஃபோன் எடுத்தேன். "நீங்களும் வாங்கோவன் அம்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார். தன்னை இதுவரை ஒருவரும் எங்கேயும் வரச்சொல்லிக் கேட்டதில்லையாம்.

18.9.2025, வியாழன்

பெண்களுக்குத் தனிப் பிரிவு எதற்கு என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். ஒருத்தி மட்டும் தனியாகப் போய் முழு மண்டபத்துக்கு முன்னால் இருந்து பார்க்கட்டும், தெரியும். பழகுவதற்கு எல்லோரும் ஒரே மேசை. போட்டியில் இப்போதைக்குத் தனிப் பிரிவும் வேண்டும், தன் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் விளையாடுகிறார்கள் என்று அவள் கண்ணால் காண. போன ஜூலையில் ஜோர்ஜியாவின் பத்தூமியில் பெண்கள் உலகக் கிண்ண இறுதியாட்டம், இந்தியாவின் திவ்யாவுக்கும் ஹம்பிக்கும். திவ்யாவுக்கு 19 வயது, வென்று, செஸ்ஸில் ஆக உயர்ந்த பட்டமான கிராண்ட் மாஸ்டராகவே வீட்டுக்குப் போனார். அதுவும் தனிப் பிரிவுதான்.

19.9.2025, வெள்ளி

இரவு பத்தே முக்கால். இன்னும் இணுவிலில் இருந்து கோல் இல்லை.

20.9.2025, சனி

காலை ஆறு மணிக்குத் தாய் எடுத்தார். தகப்பனுக்கு நேற்று ஓவர்டைம், கதைக்கவில்லையாம். "அம்மம்மாவின்ர மருந்தை மச்சாளிட்டச் சொல்லி வைக்கிறன். ரெண்டு பேரின்ர பஸ் காசு எவ்வளவு ரீச்சர்?"

பெயரை அனுப்பிவிட்டேன். தகப்பன் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நாளைக்குக் கோண்டாவில் பிள்ளையின் தாயையும் போய்க் கேட்கவேண்டும், நேரம் முடிந்தாலும் சேர்ப்பார்களோ தெரியாது.