தோண்டுவதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்

மெல்பர்னுக்கு வந்த நான்காவது மாதம் அலுவலகத்தில் ஒரு தவறு செய்தேன். நிலத்தடி வடிகால் குழாய்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. ஒரு தெருவில் பள்ளம் எடுக்க வேண்டிய ஒப்பந்தக்காரருக்கும் எங்களுக்கும் ஆழத்தைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு காலைக் கூட்டத்தில் மூத்த பொறியாளர், "தே ஹேவ் டக் இன் ஆன் தி டெப்த்" என்றார். தோண்டு என்று பொருள்படும் 'டிக்' என்ற சொல்லின் இறந்தகாலம்தான் 'டக்'. நான் குறிப்பேட்டில் 'தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்' என்று எழுதிக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும், களத்தில் அளவு எடுப்பவருக்கு 'வேலை தொடங்கிவிட்டது, போய்ப் பாருங்கள்' என்று மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். அவர் நாற்பது நிமிடம் வண்டி ஓட்டிப் போனார். தெரு அப்படியே கிடந்தது. மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை.

பொறியாளர் சொன்னது வேறு. ஆழ விஷயத்தில் அவர்கள் பிடித்த பிடியை விடுவதாக இல்லை என்பதுதான் அவர் சொன்ன செய்தி. ஒற்றைக்காலில் நிற்கிறார்கள் என்று நாம் சொல்வோமே, அது. யாரும் என்னைத் திட்டவில்லை. அளவு எடுப்பவர் தொலைபேசியில், "பரவாயில்லை, சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள்" என்றார். எனக்குத்தான் அன்று மாலை ரயிலில் மனசே சரியில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லையே, எதைக் கேட்பது? பள்ளம், ஆழம், மண் என்றே நாள் முழுக்க வேலை செய்கிறேன். அப்போது எங்கள் வரைபடத்தின் ஓரத்தில் 'டயல் பிஃபோர் யூ டிக்' என்ற எச்சரிக்கை இருந்தது. மண்ணில் கை வைப்பதற்கு முன் 1100 என்ற எண்ணைக் கூப்பிட்டு, அடியில் என்ன கம்பி, என்ன குழாய் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்ன வாசகம் அது. தினமும் கண்ணில் படும் சொல்தான் என் காலை வாரியது.

குழப்பத்துக்குக் காரணமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதே சொல்லை மதிய உணவு மேசையில் கேட்டிருந்தேன். ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய பாத்திரத்தின் மூடியைத் திறந்து "டிக் இன்!" என்றார். எல்லாரும் கரண்டியை எடுத்தார்கள். சரி, 'டிக் இன்' என்றால் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள் என்று மனதில் பதிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் அது சரியான அர்த்தம்தான். கூட்டத்து மேசையில் அதே சொல் அசைய மறுப்பதைக் குறிக்கிறது. யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் அடியில் மண்தான் இருக்கிறது. ஒன்றில் கரண்டி மண்வெட்டி போல உள்ளே இறங்குகிறது. இன்னொன்றில் ஆள் பதுங்குகுழி வெட்டி அதற்குள் உட்கார்ந்துகொள்கிறார்.

அந்த ரயில் பயணத்தில் இன்னொன்றும் புரிந்தது. இங்கே வந்து நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் உதவியது அதுதான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். 'நேற்று மாலை தோட்டத்தில் அவர் ஒரு குழி' என்பது வரைக்கும் காது காத்திருக்கும். 'தோண்டினார்' என்றதும் விஷயம் முடிந்தது, மனம் ஓய்ந்துவிடும். பேசப் பழகிய நாளிலிருந்து வந்த பழக்கம் இது. ஆங்கிலத்திலோ வினைச்சொல் வந்த பிறகுதான் செய்தியே வருகிறது. 'டக் இன்' வரை கேட்டதும் என் மனம் முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. அதற்கப்புறம் வந்த 'ஆன் தி டெப்த்' காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. அதைக் கேட்டிருந்தால் பேச்சு ஆழத்தைப் பற்றிய தகராறு என்று எனக்கே தெரிந்திருக்கும். ஆங்கிலம் தெரிந்தும் பேச்சில் தடுமாறுகிறோம் என்று வருந்தும் நம்மவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். அவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். வினைச்சொல் வந்த பிறகும் காத்திருங்கள். பாதிப் பொருள் அதன் பின்னால் வரும் குட்டிச் சொல்லில் இருக்கிறது.

அன்றிலிருந்து அந்தக் குட்டிச் சொற்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். 'டிக் அப்' என்றால் புதைந்ததை வெளியே எடுப்பது. பழைய விவகாரத்தைக் கிளறுவதும் அதுதான். 'டிக் அவுட்' என்றால் எங்கோ அடியில் கிடக்கும் கோப்பைத் தேடி எடுத்துத் தருவது. 'டிக் இன்டு' என்றால் ஒரு விஷயத்துக்குள் இறங்கி ஆராய்வது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பந்துவீச்சாளர் பந்தைக் குத்தி எழுப்பினால் 'டக் இட் இன்'. மட்டையாளர் யார்க்கரைத் தடுத்து வெளியே எடுத்தால் 'டக் இட் அவுட்'. விக்கெட்டை விடாமல் நாள் முழுக்க நின்றாலும் 'டக் இன்'தான். இந்த ஊரில் ஒரு இன்னிங்ஸுக்கே 'டிக்' என்று பேர் உண்டு.

நாம் இதையெல்லாம் வினைச்சொல்லை மாற்றியே சொல்லிவிடுகிறோம். மண் என்றால் தோண்டுவோம். அடுப்பில் இருப்பதைக் கிண்டுவோம். குப்பையைக் கிளறுவோம். பழத்தைக் குடைவோம். புண்ணை நோண்டுவோம். ஆளைத் துருவித் துருவிக் கேட்போம். ஆங்கிலம் ஒரே மண்வெட்டியை வைத்துக்கொண்டு கைப்பிடியை மட்டும் மாற்றுகிறது.

ஆனால் 'டிக் அட்' வந்தபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. ஒருநாள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர் சட்டென்று முகம் மாறி, "வாஸ் தட் அ டிக் அட் மீ?" என்று கேட்டார். என்னைக் குத்திக் காட்டினாயா என்று கேட்கிறார். விலாவில் முழங்கையால் இடிப்பதும் டிக், சொல்லால் இடிப்பதும் டிக். முதலில் நம் 'கிண்டல்' நினைவுக்கு வந்தது. கிண்டு என்பதிலிருந்துதானே கிண்டல்! ஆளை இடித்துப் பேசுவதற்கு இரண்டு மொழிகளும் ஒரே இடத்திலிருந்து சொல் எடுத்திருக்கின்றன. அடுத்து, பள்ளியில் மனப்பாடம் செய்த குறள் தானாக நாக்கில் வந்தது.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை
இகழ்வார்ப் பொறுத்தல் தலை.

தன்னைத் தோண்டுகிறவரையே தாங்கி நிற்கிறது நிலம். அதுபோலத் தன்னை இகழ்கிறவரைப் பொறுத்துக்கொள்வது மேலான குணம். சிறு வயதில் அகழ்வார், இகழ்வார் என்ற எதுகைதான் இதில் பிடித்திருந்தது. அகழ், இகழ்: முதல் எழுத்து மட்டும் வேறு. அந்த இரண்டு செயலுக்கும் ஆங்கிலத்தில் சொல்லே ஒன்றாக இருக்கிறது! தோண்டுவதும் டிக், இகழ்வதும் டிக். வள்ளுவர் உவமை சொல்லிச் சேர்த்த இரண்டையும் இன்னொரு மொழி ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. அந்தக் குறளை அத்தனை வருடமாகத் தெரிந்திருந்தும், வேறு நாட்டு அலுவலகத்தின் தேநீர் மேசையில் நின்றுதான் அதன் முழு எடை எனக்குத் தெரிந்தது.

எல்லாம் இப்படிப் பொருந்திவிடுவதில்லை. 'ஐ டக் மைசெல்ஃப் அ ஹோல்' என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டபோது, யாரோ அவருக்குக் குழி பறித்துவிட்டார்கள் என்று நினைத்துப் பதறினேன். நம் குழி பறித்தல் அடுத்தவருக்குச் செய்யும் துரோகம். அவர் சொன்னது, வாய் விட்டுப் பேசித் தானே சிக்கலில் இறங்கியதை.

இந்த நாட்டில் 'டிக்கர்' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை. நாம் பொக்லைன், ஜேசிபி என்று சொல்லும் இயந்திரத்துக்கும் அந்தப் பேர் உண்டு. ஆனால் ஏப்ரல் 25 அன்று விடியற்காலை இருட்டில் நினைவுத்தூண் முன்னால் மக்கள் கூடி நிற்கும்போது அந்தச் சொல் போர்வீரரைக் குறிக்கிறது. முதல் உலகப் போரில், 1915இல் அதே நாளில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கின. அன்றிரவே திரும்பிவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. தளபதி ஹாமில்டன் அனுப்பிய பதிலின் கடைசி வரி, கடினமான கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள், இனி பாதுகாப்பாகும் வரை 'டிக், டிக், டிக்' என்பது. வீரர்களுக்கு டிக்கர் என்ற பேர் நன்றாகப் பரவியது 1917 வாக்கில். பேர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதை சொல்கிறார்கள். ஒன்று கலிப்போலிப் பதுங்குகுழி. இன்னொன்று அதற்கும் முந்தைய தங்க வயல்.

அந்தத் தங்க வயல் பல்லாரட்டில் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். 1851இல் தங்கம் கிடைத்ததும் உலகமெங்குமிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்கும் டிக்கர்கள் என்றுதான் பேர். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் உரிமக் கட்டணம் உண்டு, தொடக்கத்தில் மாதம் 30 ஷில்லிங். உரிமம் கையில் இல்லாதவரைப் போலீஸ் வேட்டையாடிப் பிடித்தது. பொறுக்க முடியாமல் எதிர்த்து நின்றவர்களின் மரவேலியை 1854 டிசம்பர் 3 விடியலில் படை வந்து உடைத்தது. இருபதுக்கும் மேற்பட்ட டிக்கர்கள் செத்தார்கள். மறு ஆண்டே மாதக் கட்டணம் போய், வருடத்துக்கு ஒரு பவுண்ட் என்றானது.

அங்கே இருக்கும் காட்சிக்கூடத்தில் என்னை அதிக நேரம் நிற்கவைத்தது சீனர்களின் கதை. 1855இல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்ட் வரி போட்டது. அவ்வளவு பணத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்து மாநிலத்தின் ரோப் என்ற சின்னத் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயலுக்கு வந்தார்கள். தோண்டுவதற்காக அப்படி ஒரு நடை! விமானத்தில் வந்து இறங்கிய நான் அந்தக் காட்சிக்கூடத்தில் பேச்சில்லாமல் நின்றேன்.

'ஐ டிக் இட்' என்றால் எனக்குப் பிடிக்கிறது, புரிகிறது என்று அர்த்தம் என்பதை எனக்குச் சொல்லித் தந்தது பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வு பெற்றவர், பழைய ஜாஸ் இசைத்தட்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பவர். அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்களின் பேச்சிலிருந்து வந்த பொருள் அது. இசைக்கலைஞர் கேப் கேலவே 1938இல் வெளியிட்ட சிறிய அகராதியிலேயே, புரிந்துகொள் என்ற பொருளோடு டிக் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் வொலொஃப் மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. அது எப்படியோ, மேலாகத் தெரிவதோடு நிற்காமல் அடிவரை போவதற்கு இது நல்ல சொல்.

டிக் ஆங்கிலத்தில் அவ்வளவு பழைய சொல்லும் இல்லை. அதற்கு முன் அங்கே தோண்டுவதற்கு இருந்தது 'டெல்வ்'. இன்று யாரும் தோட்டத்தை டெல்வ் செய்வதில்லை. ஆராய்ச்சிக்கு மட்டும் அந்தச் சொல்லை எடுக்கிறார்கள். நம் 'அகழ்' போலவேதான். கிணறு அகழ்ந்தேன் என்று இன்று யார் பேசுகிறோம்? அகழாய்வு என்றால் மட்டும் தயங்காமல் சொல்கிறோம். 'தொடு' என்பதற்கும் தோண்டு என்ற பொருள் இருந்தது. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளில் தொடுவது அதுதான். தோண்டத் தோண்ட ஊறும் கேணி. இன்று தொட்டால் விரல் நுனியோடு நின்றுவிடுகிறது.

போன வசந்தத்தில் பின்கட்டில் ஓர் எலுமிச்சங்கன்று வைக்க நினைத்தேன். மெல்பர்னின் மேற்குப் பகுதி மண் கெட்டியான களிமண், காய்ந்தால் செங்கல். பெரியவர் தன் மண்வெட்டியோடு வந்தார். நான் பழகியது குனிந்து ஓங்கி வெட்டித் தன் பக்கம் இழுக்கும் மண்வெட்டி. அதனால்தானே கிணறு 'வெட்டுகிறோம்'. அவருடையது நீளக் காம்பு, தட்டையான தகடு. நிமிர்ந்து நின்று தகட்டின் மேல்விளிம்பில் காலை வைத்து உடம்பின் எடையையே இறக்கினார். தகடு களிமண்ணுக்குள் சரக்கென்று போனது. 'டிக் இன்' என்பதில் அந்த 'இன்' எங்கிருந்து வந்தது என்று என் கண்ணால் பார்த்தேன்.

நானும் காலை வைத்து மிதித்தேன். முதல் தடவை வழுக்கியது, இரண்டாம் தடவை இறங்கியது. அரை முழம் போனதும் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்கள் மொழியில் டிக் என்பதற்கு என்ன சொல்?" என்று கேட்டார்.

"எதைக் கொண்டு தோண்டுகிறீர்கள்?" என்று கேட்டேன். "விரலாலா, கரண்டியாலா, கடப்பாரையாலா?"

அவர் மண்வெட்டியை வேலியில் சாய்த்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார்.