கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ்: லேபிளை எப்படிப் படித்தேன்

அம்பாசமுத்திரத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. 4கே ஃபுட்டேஜில் கலர் வேலை தொடங்கினால் பழைய கிராபிக்ஸ் கார்டு திணறியது. ஆவணி முகூர்த்தங்களுக்குள் மாற்றிவிட நினைத்தேன். நான் எடிட் செய்யும் டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேர் கார்டில் உள்ள மெமரியை நிறையக் கேட்கும் என்பதால் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 என்று சீக்கிரமே முடிவாகிவிட்டது. கேபினட்டுக்குள் இருந்து எல்லாப் பாகங்களுக்கும் கரண்டு பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) அதைத் தாங்குமா என்பதுதான் பெரிய கேள்வியாக நின்றது.

இந்தக் கார்டு 170 வாட் வரை இழுக்கும், மொத்த கம்ப்யூட்டருக்கும் சேர்த்து 550 வாட் சப்ளை வேண்டும் என்கிறது என்விடியா. என்னிடம் இருந்தது கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 450 என்று போட்டிருந்தது. தெரிந்தவர்களைக் கேட்டால் சிலர் தாராளமாக ஓடும் என்றார்கள், சிலர் புகைந்துவிடும் என்றார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம் போனில் கேட்டேன்.

“450ங்கிறத விடுங்க தம்பி. லேபிள்ல 12 வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கு, அதச் சொல்லுங்க. மிச்சத்த நான் சொல்லுதேன்” என்றார்.

பக்கக் கதவைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். 3.3, 5 வோல்ட் வரிகளையும் பெருக்கிக் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் 450 வரவில்லை. இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மற்ற வரிகள் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கார்டுக்கு உதவாது. பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பிக் கார்டு வாங்குபவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் தேவையைக் கணக்குப் போட்டேன். என் ப்ராசஸர் ஐ5 12400எஃப். பெட்டியில் 65 வாட் என்று இருக்கும், ஆனால் டர்போவில், அதாவது முழு வேகத்தில் ஓடும்போது, 117 வரை போகும் என்று இன்டெலே சொல்கிறது. ரெண்டர் ஓடும்போது ப்ராசஸரும் கார்டும் சேர்ந்தே உழைக்கும் என்பதால் 117ஐத்தான் எடுத்துக்கொண்டேன். கார்டுக்கு 170. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, இரண்டு ஹார்ட் டிஸ்க், ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் தோராயமாக 50. கூட்டினால் 337 வாட், அதில் பெரும்பகுதி 12 வோல்ட்டில். 216 எந்த மூலைக்கு?

கார்டுக்குத் தனியாக எட்டு பின் பவர் கேபிள் வேண்டும், பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அதுவும் இல்லை. மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாக 75 வாட்தான் கிடைக்கும். எட்டு பின் கேபிள் 150 வாட் தரும். இரண்டு மோலெக்ஸை (பழைய மாடல் நாலு பின் பவர் கனெக்டர்) எட்டு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். அண்ணாச்சி இதைக் கேட்டதும், “அத மட்டும் செய்யாதிய” என்றார். இல்லாத ஆம்பியரைக் கன்வெர்ட்டர் உண்டாக்கித் தராது, மெல்லிய வயரும் கனெக்டரும்தான் சூடேறும். ப்ராசஸருக்குப் போகும் எட்டு பின்னும் பார்வைக்கு இதேபோல இருக்கும், ஆனால் மஞ்சள், கறுப்பு வயர்கள் இடம் மாறியிருக்கும். அதை அழுத்திச் செருகவே கூடாது.

புதிதாக வாங்கியது 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை வீணாக்காத திறனுக்கான தரச் சான்று, வெண்கல நிலை). லேபிளில் 12 வோல்ட்டுக்கு 54 ஆம்பியர், அதாவது 648 வாட். 550 வாட்டே போதும்தான். ஆனால் கிராபிக்ஸ் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குள் தங்கள் அளவைத் தாண்டி இழுத்துவிட்டுத் திரும்பும். அந்த இழுப்புக்கு இடம் வேண்டும். இன்னொன்றையும் கடையில் கேட்டு வாங்கினேன்: முழு வாட்டையும் எத்தனை டிகிரி சூட்டில் தரும் என்று. 25 டிகிரிக்குச் சொன்ன கணக்கு நம் ஊர் சித்திரை, வைகாசியில் செல்லாது. நான் எடுத்ததில் 40 டிகிரி என்று எழுதியிருந்தது.

மாட்டுவது சுலபம். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) என்றால் அதோடு வந்த கேபிள்களை மட்டும் போடுங்கள். வேறு கம்பெனி கேபிள் சரியாகப் பொருந்தினாலும் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் வயர் வரிசை மாறியிருக்கலாம், போர்டோ டிஸ்க்கோ போய்விடும். மாட்டி முடித்ததும் கார்டுக்குச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க்கையும் ப்ராசஸருக்குச் சுமை கொடுக்கும் சினிபெஞ்சையும் ஒன்றாக ஓடவிட்டு, காலியாக இருந்த மோலெக்ஸில் மல்ட்டிமீட்டர் வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.08 வோல்ட், முழுச் சுமையில் 11.97. ஏற இறங்க ஐந்து சதவீதம் வரை அனுமதி உண்டு, 11.4க்குக் கீழே போகாதவரை சரி.

பலர் மறந்துபோவது யுபிஎஸ். என்னுடையது 600 விஏ, வாட் கணக்கில் 360தான். கம்ப்யூட்டருக்குள் 337 வாட் செலவானால், எஸ்எம்பிஎஸ் 85 சதவீதத் திறனில் ஓடினாலும் சுவரிலிருந்து கிட்டத்தட்ட 400 வாட் இழுக்கும். மானிட்டர் தனி. கோடை மழை இடியோடு இறங்கும் சாயங்காலங்களில் இங்கே கரண்டு போவது சகஜம். ரெண்டருக்கு நடுவில் போனால் அந்த யுபிஎஸ் ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணைந்திருக்கும். அதனால் 1 கேவிஏ, 600 வாட் யுபிஎஸ் ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. கார்டுக்குப் பட்ஜெட் போடும்போதே எஸ்எம்பிஎஸ்ஸோடு இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தேன். பீப் சத்தம் வந்தது, கம்ப்யூட்டர் நிற்கவில்லை. வேலையைச் சேமித்து முறையாக ஷட்டவுன் செய்யப் போதுமான நேரம் கிடைத்தது. பழைய எஸ்எம்பிஎஸ் இப்போது அக்கா கடையில், கிராபிக்ஸ் கார்டு இல்லாத பில் போடும் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. அதற்கு 216 வாட் தாராளம்.