கேமராவில் சிங்கப்பூர் நேரம்

தொழில் பழக என்னோடு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒன்று கேட்பேன். கேமராக் கடிகாரத்தை எந்த ஊர் நேரத்தில் வைத்திருக்கிறாய்? சிரிப்பார்கள். இவர் என்ன லென்ஸைப் பற்றிச் சொல்லாமல் மணி கேட்கிறார் என்று.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி செய்தி வந்தபோது நான் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. சிங்கப்பூரில் தேக்காவைச் சுற்றிக் கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர்ப் படையினர் கப்பலும் ஹெலிகாப்டருமாக இந்தோனேசியாவில் அச்சேயின் மெலாபோவுக்குப் போனார்கள். நான் கல்யாணக் காசை எடுத்துக்கொண்டு சென்னை வழியாக நாகப்பட்டினம் போனேன். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள்.

புதன்கிழமை முழுக்க எடுத்தேன். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், அப்புறம் வடக்கே நாகூர். சாலையில் ஏறி நின்ற விசைப்படகுகள், சேலையால் மூடிய உடல்கள். நோட்டில் ஒரு வரி எழுதவில்லை. எழுத நேரமில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில் யாரிடமும் போய்ப் பேர் கேட்கும் துணிவில்லை. கேமரா முகத்துக்கு முன்னால் இருக்கும்வரை பேச வேண்டியதில்லை பாருங்கள், அது பெரிய வசதி.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தபோது, கேமராவின் பின்னால் படம் தெரிவதை ஒரு பையன் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், சுற்றிக் கூட்டம். 1.8 அங்குலத் திரை, தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் தங்கள் ஆட்களைத் தேடினார்கள். ஒரு பாட்டி கேமராவைக் கையில் வாங்கி, எந்தப் பொத்தான் என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒரு படத்தில் விரல் நின்றது. துணிக்கு வெளியே தெரிந்த ஒரு கட்டம்போட்ட சட்டைக் கை.

“தீவாளிக்கு எடுத்த சட்டை. இது எங்க எடுத்தது தம்பி?”

எனக்கு நினைவில்லை. படத்தின் நேரத்தைப் பார்த்தேன்: 14:20. நேற்று இரண்டரை மணி வாக்கில் நாகூரில் இருந்தேன். நாகூர் என்றேன். அவருடைய மகன் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பிப் போனார்.

இரவு படங்களைக் கணினியில் இறக்கும்போதுதான் உறைத்தது. கேமரா சிங்கப்பூர் நேரத்தில் இருந்தது. இரண்டரை மணி நேரம் கழித்தால் 11:50. அது அக்கரைப்பேட்டை. முகாமிலிருந்து நடந்தே போகும் தூரம். விடிந்ததும் ஓடிப் போய்ச் சொன்னேன். அதற்குள் அங்கே கிடந்தவர்களை ஒன்றாகப் புதைத்து முடித்திருந்தார்கள். மகன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் எடுத்த படங்கள் நன்றாகவே விற்றன. எனக்குப் பத்திரிகை வேலை கிடைத்ததே அவற்றால்தான்.

பின்னாளில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோதியா லாங் பற்றிப் படித்தபோது கொஞ்சம் கூசியது. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பயிர் உறைபனியில் போன பட்டாணி பறிப்போர் முகாமில், கூடாரத்தில் முடங்கிக் கிடந்த ஒரு தாயை அவர் எடுத்தார். உலகமே அறிந்த படம். பெயரைக் கேட்கவில்லை என்று அவரே பின்னர் எழுதினார். செய்தி வெளியானதும் முகாமுக்கு உணவு போனது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டது. புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் ஊருக்குத் தெரிந்தது 1978-இல். படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அந்த அம்மா மனம் கசந்து சொன்னார். படம் மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் 42 வருடம் அது ஒரு பேரில்லாத முகம்.

சரி, பேரைக் கேட்டு எழுதிவிட்டால் தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. லிட்டில் இந்தியாவில் அந்தப் பாடத்தைத் திருப்பிப் படிக்க வேண்டியிருந்தது.

அங்கே டிடபிள்யூசி2 என்ற ஊழியர் நல அமைப்பு, வேலையில் அடிபட்டு இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இலவசச் சாப்பாடு தருகிறது. 2019-இல் அங்கே சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர். கட்டைவிரல் நசுங்கியிருந்தது. கையில் ஸ்பெஷல் பாஸ், வழக்கு முடியும்வரை சிங்கப்பூரில் தங்கத் தரும் தற்காலிக அனுமதி. ஊரில் ஏஜண்டுக்குக் கட்டக் கடன் வாங்கிய பணம் பாதிகூட அடையவில்லை. நான் வழக்கம்போல நோட்டை எடுத்தேன்.

“பேரு வேணாம்ண்ணே. மொகமும் வேணாம். வேற கம்பெனிக்காரன் பார்த்தா எடுக்க மாட்டான்.”

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சக ஊழியர்கள் முகத்தை மட்டும் பார்த்து அடையாளம் காண்பதில்லை. சட்டை முதுகில் கம்பெனிப் பெயர், ஹெல்மெட்டில் ஒட்டிய வில்லை, பின்னால் நிற்கும் லாரிக் கதவில் எழுத்து, விடுதியின் பிளாக் எண், இதில் ஒன்று போதும். படக் கோப்புக்குள் எங்கே எடுத்தது என்ற இடக்குறிப்பு இருந்தால் அதையும் அழிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் விடுதிகளை மூடி, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தபோது, கைபேசியில் எடுத்து எனக்கு வந்த படங்களில் பாதியை இந்தக் காரணத்தால்தான் ஒதுக்கினேன். ஆசிரியர் குழுவுக்கு வருத்தம்தான். எனக்கும்தான், சில படங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன.

அந்தத் தம்பியின் கையை மட்டும் எடுத்தேன். கட்டுப்போட்ட விரலில் தொங்கும் தேத்தண்ணிப் பொட்டலம். கீழே ‘பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்’. நாகப்பட்டினத்துக்குப் பிறகு எந்தக் கேப்ஷனை வெறுத்தேனோ அதையே என் கையால் தட்டச்சு செய்தேன்.

இரண்டு வருடம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு. வழக்கு முடிந்து, ஊருக்குப் போய்க் கடை வைத்திருக்கிறாராம். “அண்ணே, இப்ப பேரு போடலாம்ண்ணே. இனி யாருக்குப் பயப்படணும்?”

அந்த இதழ் எப்போதோ பழைய பேப்பராகப் போயிருக்கும் என்று சொல்ல மனம் வரவில்லை. 2019 நோட்டைத் தேடி எடுத்து, அந்தப் பட எண்ணுக்கு எதிரே காலியாக விட்டிருந்த இடத்தில் எழுதினேன். எழுதியதைப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “இனிஷியல விட்டுட்டீங்கண்ணே. அப்பா பேரு.”

சேர்த்து எழுதி, மறுபடி அனுப்பினேன்.