பகலில் பில்லிங், இரவில் பாமினி

பகலில் நான் எழுதுவது கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவது யாரும் காசு தராத சின்னச் சின்னக் கருவிகள். இந்த ஆண்டு அப்படிச் செய்தவற்றில் பாதி நேரத்தைத் தின்றது பாமினி–யூனிகோடு மாற்றி. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழை, இன்று பொதுவாகப் புழங்கும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவி அது.

ஏற்கெனவே இணையத்தில் நிறைய இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ என்று ஆக்கித் தருபவையும் அவற்றில் உண்டு. எனக்குத் தெரிந்த அச்சக அண்ணாச்சியிடம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய பாமினிக் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு, “மௌனம் ஒழுங்கா வருது தம்பி, வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் இப்படி நிக்குது?” என்றார்.

பாமினியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கிடக்கும். ‘கொ’ என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். யூனிகோடில் க முன்னால் வரவேண்டும். அதை இடம் மாற்றுவது சுலபம். வம்பு ஔகாரத்தில்தான். அந்தக் குறியின் பின்பாதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசை. அதனால் ‘ள’வைத் தாண்டி அடுத்த எழுத்தையும் எட்டிப் பார்க்கும்படி என் மாற்றிக்குச் சொன்னேன். புள்ளியோ வேறு குறியோ வந்தால் அது நிஜ ள: வெள்ளி, தெளிவு. வராவிட்டால் ஔகாரம்: மௌனம், பௌர்ணமி. கோடில் நாலைந்து வரிதான். அலுவலகத்தில் இதற்கு டிக்கெட் போட்டால், அதாவது சரிசெய்யவேண்டிய பிழை என்று பதிந்தால், எத்தனை கஸ்டமருக்கு இந்தப் பிரச்சினை என்று கேட்டு மூடிவிடுவார்கள். எனக்கோ அன்றிரவு தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இன்னொன்று, புத்தகத்தின் சொல்லடைவை அகரவரிசைப்படுத்தும் கருவி. யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் தரும் எண்ணின்படி அடுக்கினால் பல், பள்ளி, பழம், பவளம் என்று வரும். நம் வரிசையில் பவளம் இரண்டாவது, பள்ளி கடைசி. பிரவுசருக்குள்ளேயே தமிழ் அகரவரிசை இருப்பதால் இது ஒரு மாலையில் முடிந்தது.

மொபைல் ஆப் ஒன்றையும் தொடங்கி அப்படியே விட்டுவிட்டேன். ஆப்பை வெளியிட கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு வருஷா வருஷம் 99 டாலர். பொழுதுபோக்குக்கு வாடகை கட்ட மனம் வரவில்லை. வலைப்பக்கமாகப் போட்டால், கோடைப் போட்டுவைக்கும் தளமான கிட்ஹப்பில் இலவசம்.

அண்ணாச்சி இப்போது வானவில் எழுத்துருவிலும் கோப்புகள் இருப்பதாகச் சொல்கிறார். அதன் குறியீட்டு அட்டவணை முழுக்க வேறு. முதலிலிருந்து எழுதவேண்டும். இந்த வாரம் தொடங்கிவிட்டேன்.